கருப்புச் சட்டத்தில் தங்கம் எங்கே நிற்க வேண்டும்: ஒரு பூசையறைப் படச் சட்டத்தின் நிகழ்வு ஆய்வு

தேக்குச் சட்டம், மூன்று அங்குல அகலம். உள்ளே 24 அங்குல உயரமும் 18 அங்குல அகலமும் கொண்ட தஞ்சாவூர் ஓவியம், வெண்ணெய்க் கிருஷ்ணன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டுப் பூசையறையில் மூன்று தலைமுறையாகத் தொங்கிய படம். ஓவியத்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி அதைக் காப்பாற்றியிருந்தது. சிக்கல் முழுக்கச் சட்டத்தில்தான்.

சட்டத்தின் அமைப்பு இப்படி: வெளி ஓரத்தில் கயிறு முறுக்கியது போன்ற செதுக்கல் சுற்றிவர ஓடுகிறது. நடுவில் சமமான கருப்புப் பட்டை. நான்கு மூலையிலும் எட்டு இதழ்ப் பூ, அதிலிருந்து இருபுறமும் கிளம்பும் சிறு கொடி. உள் ஓரத்தில் கண்ணாடியை ஒட்டி மணிவரிசை. உடல் முழுக்கக் கருப்பு, செதுக்கலுக்கு மட்டும் தங்கம். இந்தக் கட்டமைப்பு நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினிலும் கருப்புச் சட்டத்தின் மூலைகளுக்கும் நடுப்பகுதிகளுக்கும் மட்டும் பொன் வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1400ஐ ஒட்டி, இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி தன் கைவினைக் குறிப்புகளில் இந்த வேலையை விளக்கியிருக்கிறார்: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் ஈய வெள்ளையும் செம்புப் பச்சையும் சேர்த்து, வண்ணம் பூசிய பரப்பின்மேல் அதைக்கொண்டு கோலம் வரைந்து, பசை பதத்துக்கு வந்ததும் ரேக்கை, அதாவது மெல்லிய தாளாக அடித்த தங்கத்தை, வைப்பது. நான் இந்தச் சட்டத்தில் செய்ததும் அடிப்படையில் அந்த வேலைதான்.

வீட்டு ஆச்சி கேட்டது வேறு. "நல்ல கோல்டு பெயிண்ட்டா வாங்கி ஒரு கை அடிச்சுக் குடுத்துருங்க தம்பி, போதும். வருசா வருசம் பொங்கலுக்கு நாங்களே அடிச்சுக்குவோம்." அப்படித்தான் பல வருடமாக அடித்தும் வந்திருக்கிறார்கள். சட்டம் கெட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கோல்டு பெயிண்ட் செய்த வேலை

டப்பாவில் வரும் கோல்டு பெயிண்டில் தங்கம் கிடையாது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைப் பொடிதான் அது. வார்னிஷிலோ எண்ணெயிலோ குழைத்திருப்பார்கள். அடித்த அன்று பளபளக்கும். பிறகு காற்றும் ஈரமும் பொடியிலுள்ள செம்பைத் தாக்கத் தொடங்கும். எண்ணெய் கலந்த பூச்சாக இருந்தால், அந்த எண்ணெய் முதிரும்போது உண்டாகும் அமிலங்களும் சேர்ந்துகொள்ளும். முதலில் பழுப்பு, அப்புறம் பள்ளங்களில் பச்சை. இந்தச் சட்டத்தில் மணிகளுக்கு இடையிலெல்லாம் பாசி படிந்தது போல் பச்சை திட்டுத் திட்டாக இருந்தது.

நிறம் மாறியதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஒவ்வொரு பூச்சும் செதுக்கலின் கூர்மையைக் கொஞ்சம் தின்றிருந்தது. கொடியின் நரம்புகள் மழுங்கிவிட்டன. இதழுக்கும் இதழுக்கும் நடுவில் இருந்த வெட்டு அடைபட்டுவிட்டது. தூரிகை தவறிய இடத்தில் எல்லாம் பூச்சு கருப்புப் பட்டையில் ஏறியிருந்ததால், தங்கம் எங்கே முடிகிறது, கருப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கருப்பின்மேல் தங்கம் அழகாக இருப்பதே அந்த எல்லைக்கோடு கத்தி வைத்து வெட்டியது போல் இருப்பதால்தான். அது கலைந்தால் எவ்வளவு நல்ல தங்கத்தை வைத்தாலும் அழுக்காகத்தான் தெரியும்.

எங்கே கெட்டிருக்கிறது, ஏன்

படத்தை இறக்கியதும் முதலில் ஓவியத்தையும் கண்ணாடியையும் கழற்றித் தனியே வைத்தேன். அப்புறம் வெறும் சட்டத்தை மேசையில் கிடத்தி, டார்ச்சை ஒரு பக்கமாகத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் இடம், விண்டுபோன இடம், பூச்சு தடித்த இடம் எல்லாம் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

சேதம் சமமாகப் பரவியிருக்கவில்லை. மேல் விளிம்பின் கயிற்றுச் செதுக்கலில் இரண்டு இடங்களில் மட்டும் அடி மக்கு வரைக்கும், அதாவது தங்கத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு வரைக்கும், உதிர்ந்திருந்தது. அந்த இரண்டு இடத்துக்கும் நேர் மேலே ஆணி. மாலை போடுவதற்காக அடித்தது. தண்ணீர் தெளித்த ஈர மாலை தினமும் அந்த இடத்தில் உட்கார்ந்து, கீழ் மூலைகள்வரை வழிந்து இறங்கியிருக்கிறது. கீழ் இடது மூலைப் பூவில் பாதி இதழுக்கு ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டு வழிந்து மணிவரிசையில் காய்ந்திருந்தது. கீழ்ச்சட்டம் முழுக்க விளக்கு எண்ணெய்ப் புகை, சாம்பிராணிப் புகை.

நல்ல நிலையில் இருந்தது இடப்பக்கச் சட்டம் மட்டும். சுவர் மூலையை ஒட்டி இருந்ததால் கையும் மாலையும் அங்கே அதிகம் போகவில்லை. பூசியவர்களின் தூரிகையும் அங்கே அவசரமாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் இந்த ஒரு பக்கம்தான் எல்லாவற்றுக்கும் சாட்சி சொன்னது.

அடியில் இருந்தது

முதலில் பூச்சு பித்தளைதானா என்று உறுதிசெய்தேன். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் கோல்டு பெயிண்ட் தனித்தனிச் செதிலாக மின்னும். ரேக்கு ஒரே படலமாகத் தெரியும், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கோடுகளும் தெரியும். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் அமோனியா தொட்டுச் சுரண்டிய பொடியில் வைத்தேன். பஞ்சில் நீலம் ஏறியது. செம்பு இருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

அடுத்து, கண்ணுக்குப் படாத இடத்தில் சிறு சன்னல்கள் திறந்தேன். அதாவது, கண்ணாடி உட்காரும் படியை ஒட்டி, கடுகளவு இடத்தில் ஒவ்வொரு அடுக்காக நீக்கிப் பார்ப்பது. மேலே குறைந்தது இரண்டு முறை அடித்த பித்தளைப் பூச்சு. அதற்குக் கீழே அழுக்கு. அதற்கும் கீழே உண்மையான தங்க ரேக்கு, அதன் அடியில் செங்காவி, அதன் அடியில் மெல்லிய வெள்ளை மக்கு, பிறகு மரம். தஞ்சாவூர் ஓவியத்தில் நகைக்கும் தூணுக்கும் மக்குக் கட்டி ரேக்கு ஒட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே அடுக்கு. இங்கே புடைப்பு மரத்திலேயே செதுக்கப்பட்டிருப்பதால் மக்கு மெல்லியதாக இருக்கிறது.

ஈரப் பஞ்சை லேசாக வைத்ததும் பழைய தங்கம் கூடவே வந்தது. தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆகவே இந்தச் சட்டத்தில் தண்ணீரே கூடாது, சுத்தம் செய்வதற்கும் கூடாது, புதுத் தங்கம் வைப்பதற்கும் கூடாது. கருப்பு வண்ணத்தையும் சோதித்தேன். ஸ்பிரிட் பட்டதும் பிசுபிசுத்தது. அரக்கில் புகைக்கரியைக் குழைத்த பூச்சு. எனவே ஸ்பிரிட்டும் கூடாது.

அசிட்டோன் பித்தளைப் பூச்சைச் சீக்கிரம் இளக்கியது. கருப்பை உடனே தொடவில்லை, ஆனால் அப்படியே ஊறவிட்டால் அதுவும் மெத்தென்று ஆனது. இடைப்பட்ட அந்தச் சில நொடிகளுக்குள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். மினரல் டர்பன்டைன் எதையும் கரைக்காமல் எண்ணெய்ப் புகையை மட்டும் எடுத்தது. இந்த நான்கு திரவங்களின் குணமும் கையில் வந்த பிறகுதான் வேலைத் திட்டம் என்று ஒன்றை எழுத முடிந்தது.

ஒன்று விட்டு ஒரு புரி

இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதியில் சொல்லப்போகும் விஷயம்தான்.

இடப்பக்கக் கயிற்றுச் செதுக்கலில் பித்தளைப் பூச்சை மெதுவாக எடுத்துக்கொண்டு போனபோது, கயிற்றின் ஒரு முறுக்கில், அதாவது ஒரு புரியில், தங்கம் வந்தது. அடுத்த புரியில் வரவில்லை. தேய்ந்து போயிருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தப் புரியில் மக்கும் இல்லை, செங்காவியும் இல்லை. மரத்தின்மேல் நேரடியாகக் கருப்பு. மூன்றாவதில் மறுபடி மக்கு, காவி, தங்கம். நான்காவது கருப்பு. கீழிருந்து மேல்வரை அப்படியேதான் போனது. தேய்மானம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. செய்தவரே ஒன்று விட்டு ஒரு புரிக்குத்தான் தங்கம் வைத்திருக்கிறார்.

பெயிண்ட் அடித்தவர்களுக்கு இது தெரிய வழியில்லை. கயிறு முழுக்கத் தங்கம் என்று எடுத்துக்கொண்டு முழுக்க அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் பழைய தோற்றம் நினைவில்லை.

சட்டத்தின் தங்கம் முழுக் கோடாகச் சுற்றினால், பார்வை அந்தக் கோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதோ தஞ்சாவூர் ஓவியம். அதற்குள்ளேயே மண்டபம், தூண், மாலை, நகை என்று தங்கம் நிறைந்திருக்கிறது. வெளியே ஒரு தங்க வளையம், உள்ளே தங்க மண்டபம் என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். புரி விட்டுப் புரி என்னும்போது தங்கம் புள்ளி புள்ளியாக உடைந்து, கருப்போடு கலந்து, தள்ளி நின்று பார்த்தால் ஒரு மங்கிய ஒளியாக அடங்கிவிடுகிறது. உள் மணிவரிசையில் மட்டும் முழுத் தங்கம். அது ஓவியத்தை ஒட்டியே இருப்பதால், ஓவியத்தின் தங்கத்தோடு சேர்ந்துவிடுகிறது. வெளியே பாதி, நடுவில் ஒன்றுமில்லை, உள்ளே முழுசு. பார்வை தானாக உள்ளே போகிறது. இதை யோசித்துச் செய்தவர் பெயர் எங்கும் இல்லை. அவருக்குக் கருப்பின் மதிப்பும் தெரிந்திருக்கிறது, தங்கத்தின் மதிப்பும் தெரிந்திருக்கிறது.

ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எங்க அப்பத்தா வீட்டு நெலைக்கதவுலயும் இப்படித்தான் ஒன்னு விட்டு ஒன்னு இருக்கும். அப்ப அது தேய்ஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அதற்கு மேல் கோல்டு பெயிண்ட் பேச்சு வரவில்லை.

எதை மீட்பது, எதைப் புதிதாக வைப்பது

பழைய தங்கம் இருக்கும் இடத்தில் புதுத் தங்கம் வைப்பதில்லை. இதுதான் நான் வைத்துக்கொண்ட எல்லை. இடப்பக்கக் கயிறும் மேல் இரண்டு மூலைப் பூக்களும் தேய்ந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். மேடான இடத்தில் தங்கம் போய் அடியிலுள்ள செங்காவி தெரிவது வயதின் இயல்பு. அதை மூடினால் சட்டத்தின் வயதையே அழித்ததாகிவிடும்.

மணிவரிசையில் பழையது ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. அங்கே முழுக்கப் புதிது. மற்ற மூன்று பக்கக் கயிற்றில், தங்கம் இருந்த புரிகளுக்கு மட்டும் புதிது. கீழ் மூலைப் பூக்களில் போன இதழ்களுக்கு மட்டும்.

எந்தத் தங்கம் என்பது அடுத்த கேள்வி. தஞ்சாவூர் ஓவியர்கள் பயன்படுத்தும் ரேக்கு கொஞ்சம் கனமானது, கத்தரித்துக் கையால் எடுத்து ஒட்டலாம். சமமான மக்குப் பரப்புக்கு அது அருமையாகப் பொருந்தும். இந்த மணிகளுக்கு இடையிலோ அது வளையாமல் பாலம் போட்டு நின்று, அழுத்தினால் கிழியும். எனவே மெல்லிய தனி ரேக்கு எடுத்துக்கொண்டேன். 80 மில்லிமீட்டர் சதுரம், ஒரு புத்தகத்துக்கு 25 தாள், தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். மூச்சுக் காற்றுக்கே பறக்கும். ஆனால் எந்தப் பள்ளத்திலும் தானாக இறங்கிப் படியும்.

22, 23 காரட் மாதிரிகளை ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்து 23 காரட்டை எடுத்தேன். இதில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைகளில் தங்க ரேக்கு என்று விற்பதில் பெரும்பகுதி செம்பும் துத்தநாகமும் சேர்ந்த போலி ரேக்குதான். தாள் பெரிதாக இருக்கும், விரலால் தூக்கினாலும் கிழியாது, விலை ஆச்சரியமாக மலிவாக இருக்கும். அசல் ரேக்கை விரலில் தேய்த்தால் ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி பச்சையாக ஊடுருவித் தெரியும். போலியை வைத்தால் மேலே வார்னிஷ் கட்டாயம். வார்னிஷ் போட்டாலும் பூசையறை ஈரத்தில் அதுவும் கோல்டு பெயிண்ட் போன வழியில்தான் போகும்.

வேலை

மினரல் டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் புகையை எடுத்தோம். பித்தளைப் பூச்சை எடுத்ததுதான் மிக நீண்ட வேலை. அசிட்டோனில் நனைத்த சின்னப் பஞ்சை ஒரு மணியின்மேல் வைத்து, பூச்சு இளகியதும் மூங்கில் குச்சியால் தள்ளி எடுத்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி, அடுத்த மணிக்குப் போவது. கருப்புப் பட்டையில் ஏறியிருந்ததை அசிட்டோன் வைக்காமல், உருப்பெருக்கியின் கீழ் கத்தி முனையால் செதில் செதிலாக எடுத்தேன். இதில் அவசரப்பட வழியே இல்லை. பழைய தங்கம் உள்ள இடத்தில் பூச்சின் கடைசி மெல்லிய அடுக்கைச் சில இடங்களில் விட்டுவிட்டேன். அதை எடுத்தால் தங்கமும் வரும் என்று தெரிந்தது.

மணிவரிசையில் காணாமல் போயிருந்த மணிகளை, உதவிக்கு வந்த ஆசாரி பழைய தேக்குத் துண்டிலிருந்து செதுக்கிக் கொடுத்தார். புது மரம் வேண்டாம், பழசுதான் வேண்டும் என்று அவரே சொன்னார். நன்றாகப் பழகிய மரம் இனிமேல் சுருங்காது என்பது அவர் கணக்கு. உதிர்ந்த இடங்களில் மக்கு நிரப்பி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் மட்டம் செய்தேன். ரேக்கு எதையும் மறைக்காது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உப்புத்தாளின் ஒரு கீறல் இருந்தாலும் தங்கம் அதைப் பெரிதாக்கிக் காட்டும். கருப்பில் உதிர்ந்த புள்ளிகளுக்கு அரக்கில் புகைக்கரி குழைத்து, மெல்லிய தூரிகையால் உதிர்ந்த இடத்துக்குள் மட்டும் தொட்டு வைத்தேன்.

தங்கம் வைக்கும் இடங்களுக்கு முதலில் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுத்தேன். இரண்டு காரணம். மக்கும் மரமும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சாமல் இது தடுக்கும். நாளைக்கு யாராவது என் வேலையை எடுத்துவிட நினைத்தால், அசிட்டோனில் இந்தப் பிசின் கரையும், மேலே உள்ள புதுத் தங்கமும் சேர்ந்தே வந்துவிடும், அடியில் உள்ளது தப்பிக்கும். அதன்மேல் மஞ்சள் காவி நிறத்தில் ஒரு பூச்சு. ரேக்கில் ஊசிமுனை அளவு இடைவெளி விழுந்தாலும் மஞ்சள் நிறத்தின்மேல் அது தெரியாது. கருப்பின்மேல் நேரே வைத்தால் ஒவ்வொரு இடைவெளியும் ஓட்டையாகத் தெரியும். பழைய தங்கத்துக்குப் பக்கத்தில் வரும் புரிகளுக்கு மட்டும் மஞ்சளுக்குப் பதில் செங்காவி நிறம் கொடுத்தேன்.

வண்ணம் பூசிய சட்டத்தில் தங்கம் வைப்பதில் பெரிய தலைவலி, வேண்டாத இடத்தில் ரேக்கு ஒட்டிக்கொள்வது. கருப்பு நன்றாகக் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் விரல் ரேகையின் எண்ணெய், புது அரக்கின் மிச்சப் பிசுபிசுப்பு, மழைக்கால ஈரம் என ஏதாவது ஒன்று போதும், ரேக்கு அங்கே உட்கார்ந்துவிடும். துடைத்தால் கருப்பில் தங்கப் புகை போலப் படியும். இதற்கு மஸ்லின் துணியில் டால்கம் பொடியைக் கட்டி, சட்டம் முழுக்கத் தட்டி, மென்மையான தூரிகையால் முழுக்கத் தட்டிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி நின்றால் போதும். சிலர் இதற்கு முட்டை வெள்ளைக்கருவைப் பூசுவார்கள். பூசையறைச் சட்டம் என்பதாலும், அது தண்ணீர் கலந்தது என்பதாலும் அந்த வழிக்கே போகவில்லை.

பசைக்கு ஆளிவிதை எண்ணெயில் செய்த கோல்டு சைஸ், பூசி 12 மணி நேரத்தில் ரேக்கு வைக்கும் பதத்துக்கு வரும் வகை. 3 மணி நேர வகையும் கிடைக்கிறது. ஆனால் மணிமணியாகப் பூசி முடிப்பதற்குள் முதலில் பூசியது காய்ந்துவிடும். தெளிவான சைஸைக் கருப்பின்மேல் பூசினால் எங்கே பூசினோம் என்றே தெரியாது. துளி மஞ்சள் எண்ணெய் வண்ணம் கலந்துகொண்டால் எல்லைக்கோடு பளிச்சென்று தெரியும். தங்கத்தின் எல்லையைத் தீர்மானிப்பது இந்தத் தூரிகைதான்; ரேக்கு சைஸ் இருக்கும் இடத்தில் நிற்கும், இல்லாத இடத்தில் நிற்காது. அதனால் என் கவனம் முழுக்க இங்கேதான் இருந்தது. சைஸை இழுத்து இழுத்து மெல்லியதாகப் பூச வேண்டும். மணிகளுக்கு இடையில் தேங்கினால் மேலே தோல் கட்டி, உள்ளே காயாமல், வைத்த தங்கம் சுருங்கிவிடும். தேங்கியதை உலர்ந்த தூரிகை முனையால் உறிஞ்சி எடுத்தேன்.

12 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் கடிகாரத்தை நம்பக் கூடாது. ஐப்பசி மழை நேரம், காற்றில் ஈரம், பசை பதத்துக்கு வரத் தாமதமானது. விரல் கணுவைச் சைஸில் வைத்து எடுக்க வேண்டும். லேசாக ஒரு "டிக்" சத்தம் வந்து, விரலில் ஒன்றும் ஒட்டாமல் இருந்தால் அதுதான் பதம். முன்னாலேயே வைத்தால் ரேக்கு பசையில் மூழ்கி ஒளி போய்விடும். தாமதித்தால் ஒட்டாது.

மின்விசிறியை நிறுத்தி, சன்னலை அடைத்து, வியர்க்க வியர்க்கத்தான் ரேக்கு வேலை. தோல் போர்த்திய திண்டில் ரேக்கை விரித்து, கத்தியால் பட்டைகளாக வெட்டி, அணில் முடித் தட்டைத் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவிக்கொண்டால் அந்த எண்ணெய்ப் பசையில் பட்டை ஒட்டிக்கொண்டு வரும். சைஸின்மேல் காட்டினால் போதும், அதுவே இழுத்துக்கொள்ளும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அரை சென்டிமீட்டர் ஏறும்படி வைத்து, மென்மையான தூரிகையால் பள்ளங்களுக்குள் ஒற்றினேன். இடைவெளி விழுந்த இடத்தில் பசை உயிரோடு இருக்கும்போதே துண்டு வைத்துவிட வேண்டும். பிறகு அப்படியே விட்டு, நன்றாகப் பிடித்த பின்புதான் உதிரியைத் தூரிகையால் நீக்கினேன். டால்கம் தன் வேலையைச் செய்திருந்தது. கருப்பு சுத்தமாக வந்தது.

எண்ணெய்ப் பசையில் வைத்த தங்கத்தைக் கல்லால் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்ற முடியாது. அது மென்மையான ஒளியோடு நிற்கும். இந்தச் சட்டத்துக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஓவியத்தின் ரேக்கு பளிச்சென்று இருக்கிறது, சட்டம் அதைவிட ஒரு படி அடங்கியிருக்க வேண்டும்.

புது மணிவரிசை பழைய பூக்களுக்குப் பக்கத்தில் முதலில் கத்தியது. மணிகளின் பள்ளத்தில் மட்டும் பழுப்பு மண் நிறத்தை மிக மெல்லியதாக ஓடவிட்டு, மேடுகளைத் துடைத்துவிட்டேன். வார்னிஷ் போடவில்லை. 23 காரட் தங்கம் கறுக்காது. வார்னிஷ் அதன் ஒளியை மங்கச்செய்யும், பிறகு தானே மஞ்சளாகும்.

செலவு பற்றி

"தங்கம்னா எவ்வளவு ஆகும்" என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். உள் ஓரத்தின் சுற்றளவு சுமார் 213 சென்டிமீட்டர். ஒரு ரேக்கை ஐந்து பட்டையாக வெட்டினால் ஒவ்வொன்றும் 16 மில்லிமீட்டர் அகலம், மணியைச் சுற்றி மூடப் போதும். ஏற்றம் போக ஒரு பட்டை ஏழரை சென்டிமீட்டர் நீளத்தை மூடும். மொத்தம் 29 பட்டை, அதாவது ஆறு ரேக்கு. கயிற்றுக்கும் இதழ்களுக்கும் இன்னும் கொஞ்சம். உதிரியையும் கிழிந்ததையும் சேர்த்தாலும் 25 தாள் புத்தகத்தில் மிச்சம் இருந்தது. ஒரு கிராம் தங்கத்தில் ஐம்பது தாளுக்கு மேல் அடிக்கலாம். சட்டத்தில் ஏறியிருப்பது ஏறக்குறைய கால் கிராம்தான். செலவு முழுக்க உழைப்பில் போகிறது, அதுவும் தங்கம் வைக்கும் முன்பான உழைப்பில். பழைய கோல்டு பெயிண்டை எடுக்கவே பெரும்பகுதி போனது. அது அடிக்கப்படாமலே இருந்திருந்தால் இந்த வேலை எவ்வளவோ சிறியது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட சட்டங்கள் இன்னும் வருகின்றன. பலவற்றை விற்பதற்கு முன்பே மேலோட்டமாகப் பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் ஒரு உருப்பெருக்கியை எடுத்துப்போய், ஓரத்தில், கண்ணாடிப் படியின் அடியில், பின்பக்க விளிம்பில் பாருங்கள். பழைய தங்கத்தின் துணுக்கு பெரும்பாலும் அங்கேதான் தப்பித்திருக்கும்.

மறுபடி மாட்டியது

மாலைக்கான ஆணிகளைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, சுவரில் தனியே ஒரு பித்தளைக் கம்பி மாட்டினோம். மாலை இப்போது சட்டத்தைத் தொடாமல் முன்னால் தொங்குகிறது. படத்துக்கும் சுவருக்கும் நடுவில் தக்கைத் துண்டுகள், மழைக்காலத்தில் சுவர் ஈரம் பின்பக்கம் ஏறாமல் இருக்க. விளக்கைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்தோம். சந்தனம் கண்ணாடியின் நடுவில் மட்டும், அதுவும் வழியாத பதத்தில் வைப்பதாக ஆச்சி ஒத்துக்கொண்டார். சட்டத்துக்கு ஈரத்துணி கூடாது. தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும்.

பின்பலகையின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். எந்தப் புரிகளில் பழைய தங்கம், எங்கே புதிது, என்ன பிசின், என்ன சைஸ், எதில் கரையும், எதில் கரையாது என்று அதில் இருக்கிறது.

அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். தங்கம் அசையவில்லை, கருப்பும் நன்றாக இருக்கிறது. வலது மேல் மூலையில் சட்டங்கள் சேரும் இடத்தில் மட்டும் மயிரிழை அளவு ஒரு கோடு திறந்திருந்தது, மணிவரிசையின் ஒரு மணியைக் குறுக்கே வெட்டியபடி. மரம் பருவத்துக்கு ஏற்ப அசைகிறது, அந்தச் சேர்ப்பு அதற்கு இடம் கொடுக்கிறது. மக்கு வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் பக்கத்து மணியோடு சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் அடைக்கவில்லை. கோட்டின் இடத்தைப் பின்தாளில் குறித்து வைத்தேன்.